அந்த நான்கு மணி நேரம்: ராணுவ மக்கள் தொடர்பு அதிகாரிகளுக்குக் குன்னூரிலிருந்து

2021 டிசம்பர் 8, புதன்கிழமை. குன்னூரில் மதியத்துக்கு முன்பே மூடுபனி இறங்கியிருந்தது. மலையில் இருக்கிறவர்களுக்கு அது புதிதில்லை. ஹெலிகாப்டரும் புதிதில்லை. பக்கத்து வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜ் இருக்கிறது, மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையமான எம்.ஆர்.சி. இருக்கிறது. பெரிய அதிகாரிகள் கோவை அருகே சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து பறந்து வருவதும் போவதும் இங்கே வாடிக்கை. அதனால் அன்று வானத்தில் என்ன சத்தம் கேட்டது என்று எனக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் இருப்பது போன்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து என் தங்கை கணவர் கூப்பிட்டார். "மாமா, காட்டேரி பக்கம் ஹெலிகாப்டர் விழுந்துடுச்சாமே, உங்களுக்கு என்ன தெரியும்?" எனக்கு ஒன்றும் தெரியாது. பல வருஷமாக இந்த மலையில் பகுதி நேர நிருபராக இருக்கிறேன். சம்பவ இடம் என் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர். மலைக்குக் கீழே இருக்கிறவர் என்னிடம் கேட்கிறார், நான் டிவியைப் போட்டுப் பார்க்கிறேன்.

அன்று நடந்ததை மறுநாள் நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சர் நேர வாரியாகச் சொன்னார். காலை 11.48-க்கு விமானப்படையின் எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர் சூலூரிலிருந்து கிளம்பியது. 12.15-க்கு வெலிங்டனில் இறங்க வேண்டும். 12.08 வாக்கில் சூலூர் கட்டுப்பாட்டு அறையோடு தொடர்பு அறுந்தது. உள்ளே முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவர் மனைவி, இன்னும் 12 பேர். ஸ்டாஃப் காலேஜில் அதிகாரிகளுக்கு உரையாற்றத்தான் அவர் வந்துகொண்டிருந்தார். மதியம் இரண்டு மணிக்குச் சற்று முன்னால், ராவத் பயணித்த ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விபத்துக்குள்ளானது, விசாரணைக்கு உத்தரவிடப்பட்டிருக்கிறது என்று விமானப்படை ட்விட்டரில் இரண்டு வரி போட்டது. அவர் இறந்துவிட்டதை விமானப்படை உறுதி செய்தபோது மாலை ஆறு மணி.

இடையில் இருந்த அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்த நேரத்தில் எங்கள் கைக்கு வந்ததெல்லாம் டிவியும் வாட்ஸ்அப்பும்தான். ஒரு சேனலில் ஒரு எண்ணிக்கை, அடுத்ததில் வேறு எண்ணிக்கை. ராவத் பிழைத்துவிட்டார் என்று ஒருவர் அனுப்புவார், இல்லை என்று இன்னொருவர். சாயங்காலத்துக்குள் சதி என்ற சொல்லும் வந்துவிட்டது.

தாமதத்தைக் குறை சொல்ல வரவில்லை. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. உடல்கள் கருகியிருந்தன. பலரை மரபணுச் சோதனை செய்துதான் அடையாளம் காண முடிந்தது. ராவத்தின் இரண்டு மகள்கள் ஒரே நாளில் அப்பாவையும் அம்மாவையும் இழந்திருந்தார்கள். டிவியில் ஓடும் எழுத்தைப் பார்த்து அவர்கள் அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் இதற்கு எழுதிவைத்த விதியே உண்டு. இறந்தவரின் குடும்பத்துக்குத் தகவல் சொல்லி 24 மணி நேரம் ஆன பிறகுதான் பெயரை வெளியிடுவார்கள். நம் படைகளிலும் குடும்பத்துக்கு முதலில் என்பதே முறை. அந்த முறையில் யாரும் கை வைக்கக் கூடாது, எந்த சேனல் எவ்வளவு நெருக்கினாலும் சரி.

ஆனால் பெயரைச் சொல்லாமல் இருப்பது வேறு, பேசாமலே இருப்பது வேறு. மக்கள் தொடர்பு அதிகாரியின் தொழிலே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. விமானப்படையின் முதல் இரண்டு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது நல்ல வாக்கியம். யார் பயணித்தார் என்று சொன்னது, அவர் நிலைமை என்ன என்று ஊகிக்கவில்லை. விசாரணை உண்டு என்றது, காரணம் எதையும் சொல்லவில்லை. அதில் குறைந்தது ஒன்றே ஒன்று: அடுத்து எப்போது பேசுவோம் என்பது. அது ஆங்கிலத்தில் வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பல தடவை எழுதிப் பார்த்திருக்கிறேன். மதியம் ஒரு மணிக்கு, குன்னூரில், சீருடையில் ஒருவர் நின்று, தமிழில் இப்படிச் சொல்லியிருக்கலாம்:

"சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த விமானப்படை ஹெலிகாப்டர் இன்று மதியம் காட்டேரி அருகே விபத்துக்குள்ளாகியிருக்கிறது. மீட்பு வேலை நடக்கிறது. உள்ளே இருந்தவர்களின் குடும்பங்களுக்கு முதலில் தகவல் சொல்கிறோம். அது முடிகிற வரைக்கும் யார் நிலைமை என்ன, எத்தனை பேர் என்று சொல்ல மாட்டோம். ஆம்புலன்சுக்கு வழி வேண்டும், காட்டேரி பக்கம் யாரும் வண்டி எடுத்துக்கொண்டு வராதீர்கள். அடுத்த தகவல் சரியாக இரண்டு மணிக்கு, இதே இடத்தில்."

இவ்வளவுதான். படித்து முடிக்க அரை நிமிஷம் ஆகாது. இதில் ரகசியம் எதுவும் வெளியே போகவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கேட்ட பிறகு, எங்கள் ஊர் நிருபர்களில் பாதிப் பேராவது குடும்பத்துக்காகக் காத்திருப்பார்கள். எங்களுக்கும் பிள்ளைகள் உண்டு. கடைசி வரிதான் முக்கியமான வரி. இரண்டு மணிக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அவர் வந்து நிற்க வேண்டும், "புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை, மூன்று மணிக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரத்துக்கு ஒருவர் வருகிறார் என்று தெரிந்தால் நிருபர் அங்கேயே காத்திருப்பார். தெரியாவிட்டால் ஆஸ்பத்திரி ஊழியரையும் தீயணைப்பு வண்டி டிரைவரையும் தேடிப் போவார். நானும் போயிருக்கிறேன்.

எண்ணிக்கை விஷயத்தில், லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதல் ஒரு பாடம். 2020 ஜூன் 16 அன்று ராணுவம் வெளியிட்ட முதல் அறிக்கையில் ஓர் அதிகாரியும் இரண்டு வீரர்களும் என மூன்று பேர். அந்த மூவரில் ஒருவர் நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. அன்று இரவே எண்ணிக்கை 20 ஆனது. படுகாயத்தோடு உறைபனியில் கிடந்த 17 பேரும் இறந்துபோனார்கள் என்று ராணுவம் விளக்கியது. முதலில் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் மூன்று என்று கேட்டுத் தூங்கப் போனவருக்கு, காலையில் இருபது என்று கேட்டால் ஏதோ மறைத்தார்கள் என்றுதான் தோன்றும். "இதுவரை" என்ற ஒரு சொல்லை அழுத்திச் சொல்லி, "பலர் மோசமான நிலையில் இருக்கிறார்கள், எண்ணிக்கை கூடலாம்" என்று அப்போதே சேர்த்திருந்தால் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இருந்திருக்காது.

அப்புறம், யார் பேசுவது என்ற கேள்வி. பாதுகாப்பு அமைச்சகத்துக்கு டெல்லியில் மக்கள் தொடர்பு இயக்ககம் இருக்கிறது. அதன் கீழ் சென்னையில் பி.ஆர்.ஓ. அலுவலகம் இருக்கிறது. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனியாகச் சமூக ஊடகக் கணக்குகள் உண்டு. வெலிங்டனில் ஒன்று நடந்தால் முறையான செய்திக் குறிப்பு சென்னை வழியாகவோ டெல்லி வழியாகவோதான் எங்களுக்கு வரும். ஆனால் விபத்து நடந்த இடத்தில் கலெக்டர் இருப்பார், எஸ்.பி. இருப்பார், அமைச்சர் வருவார், தீயணைப்புத் துறை இருக்கும். ஆளுக்கொரு மைக். ஆளுக்கொரு எண். கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. அவரவருக்குத் தெரிந்ததை அவரவர் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே வெலிங்டனுக்குப் பொறுப்பேற்று வருகிற எந்த அதிகாரியும் முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஊட்டிக்குப் போய், மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலரோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்து, விபத்து என்று வந்தால் எண்ணிக்கையை எந்த ஒரு வாய் சொல்லும் என்று பேசி வைத்துக்கொள்வது. விபத்து நடந்த பிறகு அந்த நம்பரைத் தேடுவதில் பிரயோஜனம் இல்லை.

மொழிக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேச எனக்கு நிறைய இருக்கிறது.

குன்னூர் விபத்தை விசாரிக்கும் முப்படை கோர்ட் ஆஃப் என்கொயரிக்கு ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமை என்று அறிவித்தார்கள். தமிழில் அது எப்படியெல்லாம் வந்தது தெரியுமா? "விசாரணை நீதிமன்றம்" என்று கூட எழுதினார்கள். படித்தவர் என்ன நினைப்பார்? நீதிபதி, வக்கீல், தீர்ப்பு, தண்டனை. என் பக்கத்து வீட்டுப் பெரியவர், "கேஸ் எந்தக் கோர்ட்டில் நடக்குது? ஊட்டியிலா, சென்னையிலா?" என்று என்னிடம் கேட்டார். அது கோர்ட்டே இல்லை. அதிகாரிகள் சிலர் சேர்ந்து சாட்சியங்களைத் திரட்டி, என்ன நடந்தது என்று கண்டறிந்து மேலே அறிக்கை கொடுக்கும் குழு. தண்டனை தரும் அதிகாரம் அதற்குக் கிடையாது. "உண்மை அறியும் ராணுவ விசாரணைக் குழு" என்று செய்திக் குறிப்பிலேயே தமிழில் இருந்திருந்தால் பெரியவருக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது.

2022 ஜனவரி 14 அன்று, அதாவது விபத்து நடந்து 37-ஆம் நாள், முதற்கட்ட முடிவு வந்தது. இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, கவனக்குறைவும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்கு இடம் பற்றிய உணர்வு தடுமாறியது, அதனால் கட்டுப்பாட்டில் இருந்தபடியே தரையில் மோதியது. இதுதான் சாரம். அந்தக் கடைசித் துண்டைக் கவனியுங்கள். விமானத் துறையில் அது பழகிய கலைச்சொல். இயந்திரம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும், ஓட்டுபவர் கையில்தான் இருக்கும், ஆனால் எதிரே மலை இருப்பது தெரியாமல் போய் மோதிவிடும். "கட்டுப்பாட்டில் இருந்தும் மோதியது" என்று சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் வேறு மாதிரி கேட்கிறது. வேண்டுமென்றே மோதினாரா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

இதை இந்த மலையில் விளக்குவது போலச் சுலபம் எங்கும் கிடையாது. பர்லியாறு தாண்டி மேலே ஏறும்போது மூடுபனி மொத்தமாக வந்து கவிந்தால் என்ன ஆகும் என்று இங்கே பஸ் ஓட்டுகிற எவரையும் கேளுங்கள். ஹெட்லைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். வண்டி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே ஒரு கணம் பிடிபடாது. அவருக்காவது சக்கரத்துக்குக் கீழே தரை இருக்கிறது, பிரேக் போட்டு நிறுத்திவிடலாம். மேகத்துக்குள் போன விமானிக்கு அது இல்லை. கண்ணுக்குத் தொடுவானம் தெரியாதபோது, காதுக்குள் நம் சமநிலையைச் சொல்கிற உறுப்பும் பொய் சொல்ல ஆரம்பிக்கிறது. சாய்ந்து போனாலும் நேராகப் போவதாகவே உடம்பு நம்பும். எவ்வளவு அனுபவசாலிக்கும் இது நேரலாம். ஓர் அதிகாரி வந்து இதை இப்படி ஐந்து நிமிஷம் சொல்லியிருந்தால், சதிக் கதைகளில் பாதி அன்றே கரைந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

மூன்று வருஷம் கழித்து, 2024 டிசம்பரில், நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் இதே விபத்துக்குக் காரணம் "மனிதத் தவறு, விமானக் குழு" என்ற வகையில் வந்தது. உடனே புதிய திருப்பம் என்பது போலச் செய்தி ஓடியது. அன்று கவனக்குறைவு இல்லை என்றார்களே, இன்று தவறு என்கிறார்களே என்று மறுபடியும் போன். என் புரிதலில் இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை. கவனக்குறைவு என்றால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டது. மேகத்துக்குள் புலன் தடுமாறி எடுத்த முடிவு அதில் சேராது, ஆனால் விபத்துகளை வகை பிரிக்கும் பட்டியலில் அது இயந்திரத்தின் கீழ் வராது, மனிதரின் கீழ்தான் வரும். இறந்துபோன விமானியின் குடும்பம் அந்தச் செய்தியைப் படித்திருக்கும் அல்லவா? அவர்களுக்காகவாவது ஒருவர் அன்று வந்து இந்த வித்தியாசத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அறிக்கை வெளியாகும் தேதி முன்கூட்டியே தெரிகிற விஷயம், விளக்கத்தையும் தயாராக வைத்திருக்கலாம். பழைய காயம் மறுபடி திறக்கும் நாள் எது என்று குறித்துவைத்துக்கொள்வதும் மக்கள் தொடர்பு வேலைதான்.

சொல்லக் கூடாதவை இருக்கின்றன, மறுக்கவில்லை. படை நகர்வு, ஆயுதத் திறன், யார் எந்த நேரத்தில் எந்த வழியாக வருகிறார் என்பதெல்லாம். 1923-ஆம் வருஷத்து அலுவலக ரகசியச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. 26/11 மும்பைத் தாக்குதலில் நேரலையால் என்ன ஆனது என்று பார்த்த பிறகு, பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையை நேரலையில் காட்டக் கூடாது, நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டும் ஒளிபரப்பலாம் என்று 2015-இல் கேபிள் டிவி விதியையே திருத்தினார்கள். சரியான திருத்தம். அதே சமயம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.ஐ.) இரண்டாம் அட்டவணையில் விலக்குப் பெற்ற அமைப்புகளில் முப்படைகள் இல்லை என்பதையும் அதிகாரிகள் மறக்கக் கூடாது. நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலை மறுக்கலாம், மற்றதை ஒரு சாதாரண ஆள் எழுதிக் கேட்கலாம். "அது ரகசியம்" என்ற பதிலை உண்மையாகவே ரகசியமான விஷயத்துக்கு மட்டும் பயன்படுத்தினால்தான் அந்தச் சொல்லுக்கு மரியாதை இருக்கும்.

சங்கடமான உண்மையைத் தள்ளிப்போடுவது இன்னும் மோசம். 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரில் பட்காம் அருகே இதே வகை எம்.ஐ.-17 வி5 விழுந்தது. ஆறு விமானப்படையினரும் தரையிலிருந்த பொதுமக்களில் ஒருவரும் இறந்தார்கள். நம் ஏவுகணையே அதைத் தாக்கியது, அது பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதி பதௌரியா வெளிப்படையாகச் சொன்னது அக்டோபரில். அவர் சொன்ன விதம் நேர்மையானது, அதற்கு வணக்கம். ஆனால் அந்த ஏழு மாதமும் ஊகங்கள் உலவிக்கொண்டுதான் இருந்தன. குன்னூர் விபத்தின்போது "இதிலும் ஏதோ மறைக்கிறார்கள்" என்று பேசியவர்களில் சிலர் பட்காமைத்தான் எடுத்துக்காட்டினார்கள். ஒரு இடத்தில் இழந்த நம்பிக்கைக்கு இன்னொரு இடத்தில் கணக்கு வருகிறது.

நம்பிக்கை என்றதும் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா. ஸ்டாஃப் காலேஜுக்குத் தலைவராக இருந்தவர், 1971 போரின்போது தரைப்படைத் தளபதி, ஓய்வுக்குப் பிறகு குன்னூரிலேயே வாழ்ந்தவர். 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் இறந்தார், ஊட்டியில் அடக்கம். 1971 டிசம்பரில் கிழக்கு வங்கத்தில் இருந்த பாகிஸ்தான் படையினரை அவர் வானொலியிலும் துண்டறிக்கைகளிலும் நேரடியாக விளித்துப் பேசினார். சரணடையுங்கள், கண்ணியமாக நடத்துகிறோம் என்றார். சுமார் 93,000 பேர் சரணடைந்ததற்குப் போர்க்களமே முதல் காரணம். ஆனாலும், எதிரில் இருக்கிற சிப்பாய் நம்பும்படி ஒரு தளபதியின் வார்த்தை இருந்தது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

உள்ளூர் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டர் விழுந்த இடத்தை ஒட்டிய நஞ்சப்பசத்திரம் ஜனங்கள்தான் அன்று முதலில் ஓடினார்கள். குடத்தில் தண்ணீர் கொண்டுபோனார்கள், வீட்டுக் கம்பளிகளைக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டர் மூடுபனிக்குள் மறையும் கடைசி சில விநாடிகளை எடுத்தவர், ரயில் பாதை ஓரம் நின்றிருந்த ஒரு சுற்றுலாப் பயணி. அந்த செல்போனைப் போலீஸ் வாங்கித் தடயவியல் சோதனைக்கு அனுப்பியது. விசாரணைக்கு அது தேவைதான். ஆனால் கண்ணால் பார்த்தவர்களைச் சந்தேகத்துக்குரியவர்கள் போல உணரவைத்துவிட்டால், அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ராணுவம் இந்த இடத்தில் நன்றாக நடந்துகொண்டது. டிசம்பர் 13 அன்று ராணுவத்தின் தட்சிண பாரத் (தென்னிந்தியப்) பகுதியின் தலைமை அதிகாரி லெப்டினன்ட் ஜெனரல் அருண் கிராமத்துக்கே வந்து நன்றி சொன்னார். ஒரு வருஷத்துக்குக் கிராமத்தைத் தத்தெடுப்பதாகவும், மாதந்தோறும் டாக்டரும் நர்ஸும் வருவார்கள் என்றும் அறிவித்தார். அந்த வாரத்தில் வந்த எல்லாச் செய்திக் குறிப்புகளையும்விட அந்த ஒரு வருகையைப் பற்றித்தான் மார்க்கெட்டில் அதிகம் பேசினார்கள்.

நல்ல நாட்களிலும் இந்தப் பழக்கம் இருக்க வேண்டும். எம்.ஆர்.சி.யில் பயிற்சி முடித்த அக்னிவீரர்களின் உறுதிமொழி ஏற்பு அணிவகுப்புக்குப் பெற்றோர் ஊரிலிருந்து வருகிறார்கள். வேட்டி கட்டிய அப்பாக்களும் பட்டுச்சேலை அம்மாக்களும் பிள்ளையைச் சீருடையில் பார்த்து அழுவார்கள். அன்று எங்களுக்குக் கையில் கிடைப்பது, வந்த சிறப்பு விருந்தினரின் பெயரும் பதவியும் நிறைந்த ஒரு பக்கம். அந்தப் பையன் எந்த ஊர், அவன் வீட்டில் யார் முதலில் பட்டாளத்துக்குப் போனார் என்று இரண்டு வரி தாருங்கள், அனுமதியோடு. அந்த ஊரே படிக்கும். நாளைக்கு ஒரு கஷ்டமான செய்தியைச் சொல்ல நீங்கள் வரும்போது, உங்கள் முகமும் குரலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

2024 மார்ச்சில் குன்னூர் காட்டில் தீ பிடித்து நாள் கணக்கில் எரிந்தது. விமானப்படை சூலூரிலிருந்து ஹெலிகாப்டரை அனுப்பியது, அடியில் பெரிய தண்ணீர்ப் பையைக் கட்டித் தொங்கவிட்டு. அதுவும் எம்.ஐ.-17 வி5. எங்கள் தெருவில் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு ஓடி வந்துவிட்டார். 2021-க்குப் பிறகு தாழப் பறக்கிற ஹெலிகாப்டர் என்றாலே அவருக்குப் படபடப்பு. "என்னப்பா மறுபடியும்?" என்றார். நல்லவேளை, அன்று தகவல் முன்னாடியே என் போனுக்கு வந்திருந்தது. "ஒண்ணும் இல்லம்மா, தீயை அணைக்கத் தண்ணி கொண்டு போறாங்க" என்றேன். அவர் உள்ளே போகவில்லை. மாடிக்கு ஏறி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, அது தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பி வருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.